தராசுக்கு வைத்த தோல்

வெள்ளிக்கிழமை வார லீவு என்பதால் தோல் பதனிடும் எங்கள் டேனரி ஓடவில்லை. இஞ்சின் சத்தமும் இல்லை, டிரம் உருளும் சத்தமும் இல்லை. லேப் அறையில் நான் ஒருவன் மட்டும் கண்ணாடித் தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே வேப்பமரத்தில் காக்கை கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

கிண்ணத்தைத் தட்டில் வைத்தேன். எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக எதிர்த்தட்டில் வைத்தேன். முள் ஆடி அடங்கி நடுக்கோட்டில் நின்றது. எண்ணைக் குறித்துக்கொண்டு நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டேன். நேற்றையதைவிட ஏறியிருந்தது. மறுபடியும் நிறுத்தேன். அதே எண்தான் வந்தது.

நேற்று எடுத்த அதே பாட்டில், அதே பட்டைச் சாறு. நேற்று இதில் சத்து கம்மி என்று சொன்ன தராசு, இன்று நல்ல பட்டை என்கிறது. ஒரு நாள் பழசான சாறு கெட்டுப்போய் எண் இறங்கலாம். ஏறுவதற்கு வழியே இல்லை.

அப்படியென்றால் கன்னியம்மா திருடவில்லை. முந்தின நாள் மாலையில்தான் அவரைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பியிருந்தோம்.

'அனுப்பியிருந்தார்கள்' என்று எழுதத்தான் முதலில் பேனா ஓடியது. அடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறேன்.

ஒரு கார்டுக்குப் பதில்

எங்கள் டேனரி கெமிஸ்ட்டைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். செத்துப்போன மனிதர் மேல் இத்தனை வருஷம் கழித்தும் ஏன் ஐயா இத்தனை காட்டம் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். இந்த வாரம் முழுவதும் அதற்குப் பதில். படித்து முடித்த பிறகும் அவருக்குக் கோபம் வராவிட்டால் இன்னொரு கார்டு போடட்டும்.

இந்த வாரம்தான் முதல் தடவையாகப் படிப்பவர்களுக்காக ஒன்றிரண்டு வரி. நான் ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். மெட்ரிக் பாஸ் செய்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு டேனரியில் லேப் உதவியாளன் வேலை கிடைத்தது. முப்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான வருஷம் கேட்டால் வீட்டில் சண்டை வரும், என் மனைவி ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன்.

வேலையோடு ஒரு ஜோடி பூட்ஸும் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பூட்ஸ் போட்டவன் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பின்னால் இது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பெட்டி வந்த கதை

தராசு சீமையிலிருந்து வந்தது. ஆம்பூர் ஸ்டேஷனில் இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றினால் குலுங்கும் என்று நாலு பேர் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வைக்கோலைப் பிரித்தபோது உள்ளே பளபளவென்று பித்தளைத் தண்டு, இரண்டு தட்டு, சுற்றிலும் கண்ணாடி. பட்டைக் கொட்டகைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஜன்னலில் முண்டியடித்துப் பார்த்தார்கள். இதில் எந்தச் சாமியை வைக்கப் போகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள்.

தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். அந்தச் சாற்றில் சத்து எவ்வளவு என்று பார்ப்பதுதான் லேபின் முக்கிய வேலை. காலையில் வெறும் கிண்ணத்தை நிறுப்போம். பிறகு அளந்து சாறு ஊற்றி, நீராவிச் சட்டியின் மேல் வைத்து வற்றவிடுவோம். மாலையில் அடியில் ஒட்டிய படிவோடு கிண்ணத்தை மறுபடியும் நிறுப்போம். காலை எடைக்கும் மாலை எடைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு எறும்புக் கூட்டத்தின் கனம்கூட இராது. அதை வைத்துத்தான் பட்டை நல்லதா மட்டமா என்று தீர்ப்பு.

இப்படிப்பட்ட தராசை எங்கே வைத்தார்கள் தெரியுமா? டிரம் கொட்டகையின் சுவரை ஒட்டிய அறையில். சுவருக்கு அந்தப் பக்கம், ஆள் உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு மர டிரம்கள், ஈரத்தோலை வயிற்றில் போட்டுக்கொண்டு தடால் தடாலென்று உருளும். கெமிஸ்ட்டுக்கு அந்த அறைதான் பிடித்தது, காற்று நன்றாக வருமாம்.

தராசுக்கு மூன்று கால். முன்னால் இருந்த இரண்டிலும் திருகு உண்டு. திருகினால் உயரும், தாழும். பெட்டிக்குள் கொத்தனார் ரசமட்டம் போல ஒரு சின்னக் குமிழி. குமிழி வட்டத்தின் நடுவில் நின்றால் தராசு மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை நிறுக்கும் முன்னாலும் குமிழியைப் பார்க்க வேண்டும், வெறும் தட்டுகளோடு முள் நடுவில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூட வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே அப்படித்தான் இருந்தது.

எங்கள் கெமிஸ்ட் அதை மாற்றினார்.

"காலையில ஒரு தடவ பாரு, போதும். அதுக்கப்புறம் திருகுல கை வெச்சே, கைய ஒடிச்சிடுவேன். சும்மா சும்மா திருகினா மரை தேஞ்சு போகும்."

அவர் மெட்ராஸில் படித்துப் பட்டம் வாங்கியவர். நான் ஜோலார்பேட்டை கேங்மேன் பையன். சரி சார் என்றேன்.

நான் செய்த பெருமைக்குரிய காரியம்

முதல் மாதத்திலேயே பேஜார் ஆரம்பித்தது. டிரம் ஓடும்போதெல்லாம் தராசின் முள் கிடுகிடுவென்று நடுங்கியது. எண் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். கெமிஸ்ட் என் மேல் எரிந்து விழுவார். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன்.

"சார், கால்களுக்கு அடியில தடியாத் தோல் வெச்சா அதிர்ச்சிய வாங்கிக்கும் சார்."

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆளுக்கு வேறு என்ன தோன்றும்? கதவு இடித்தால் தோல் ஒட்டுவோம், இஞ்சின் ஒழுகினால் தோல் வாஷர் போடுவோம், மேஜை ஆடினால் தோல் செருகுவோம். வேறு ஊராக இருந்தால் கார்க்கு என்றோ ரப்பர் என்றோ யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்ததே தோல் மலையின் மேல்.

பதமாகி வந்த எருமைத்தோலில், செருப்பு அடிக்குப் போகும் தடிமனில், நானே வட்டமாக வெட்டினேன். ஒரு காலுக்கு நாலு வட்டம், ஒன்றின் மேல் ஒன்று. வைத்தவுடன் முள்ளின் நடுக்கம் நின்றது. டிரம் தடதடக்கிறது, முள் அசையவில்லை. கெமிஸ்ட் என் முதுகில் தட்டினார். பெரிய முதலாளியே வந்து பார்த்துவிட்டு, "பலே, நம்ம தோலுதானே" என்று சிரித்தார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அன்றிலிருந்து எண்கள் ஏறி இறங்காமல் ஒழுங்காக வந்தன. ஒழுங்காகக் கம்மியாக வந்தன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தோல் வைத்த நாளிலிருந்து, தினமும் காலையில் பார்த்தால் குமிழி ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தது. நீராவிச் சட்டி இருந்த பக்கத்துக் கால் தாழ்ந்திருந்தது. நான் திருகிச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவேன். ஏன் தினமும் அதே பக்கம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மெட்ரிக் பாஸ்!

வாசற்படி

கன்னியம்மாவை இப்போது சொல்ல வேண்டும். பட்டைக் கொட்டகையில் இருபது பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு மேல் பொறுப்பு கன்னியம்மாவுக்கு. நாற்பது வயதிருக்கும். பட்டையை உடைத்து முகர்ந்து பார்த்தே எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். கால் முழங்கால் வரை பட்டைச் சாயம் ஏறிப் பழுப்பாக இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத சாயம் அது.

அந்தச் சாயத்துக்காகத்தான் அவரை லேபுக்குள் விடமாட்டார் கெமிஸ்ட். பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தால் தொட்டியில் காலைக் கழுவிவிட்டு வர வேண்டும். கழுவிவிட்டு வந்தாலும் வாசற்படியோடு சரி. கெமிஸ்ட் போட்டிருந்த பூட்ஸ் அதே பட்டைச் சாற்றில் ஊறிய தோல். அது உள்ளே வரலாம், அந்தப் பட்டையை இடித்தவர் வரக்கூடாது.

அந்த வியாழக்கிழமை மாலை கெமிஸ்ட் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேஸ்திரியும் கொட்டகைப் பெண்கள் சிலரும் பின்னாலேயே வந்தார்கள். கெமிஸ்ட் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தாம்மா, ஒரு மாசமா சத்து கம்மி. நல்ல பட்டைய வெளிய வித்துட்டு, ஊறிப்போன சக்கையக் கலக்குறே. அப்படித்தானே?"

"இன்னாங்கய்யா சொல்றீங்க? வந்த பட்டையத்தான் இடிக்கிறோம். சக்கைய அடுப்புக்குப் போட்டுர்றோம். இவளுங்களக் கேளுங்க."

"அவங்கள எதுக்குக் கேக்கணும்? தராசு சொல்லுது. நான் தராச நம்புவேனா, உன்ன நம்புவேனா?"

கன்னியம்மா வாசற்படியில் ஒரு காலை உள்ளே வைத்து, வெறும் பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஐயா, தரையே நடுங்குதுங்க. உள்ளங்கால்ல குறுகுறுன்னு ஏறுது. இதும் மேல வெச்ச பெட்டி மட்டும் எப்படிங்க நடுங்காம இருக்கும்?"

கெமிஸ்ட் சிரித்தார். "வாங்க, எல்லாரும் எட்டிப் பாருங்க. முள்ளு அசையுதா?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முள் அசையவில்லை, என் தோல் அத்தனை நன்றாக வேலை செய்தது. கெமிஸ்ட் சிரித்தபோது நானும் சிரித்தேன். என் கால்களில் பூட்ஸ் இருந்தது, எனக்கு ஒரு நடுக்கமும் தெரியவில்லை.

அந்த நிமிஷமே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் வேலை போவதுகூடப் பெரிய விஷயமில்லை, இந்த டேனரி இல்லாவிட்டால் அடுத்தது. ஆனால் திருட்டுப் பெயரோடு போனால் எந்த மேஸ்திரியும் சேர்த்துக்கொள்ள மாட்டான். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை ஒரே நாளில் பேர் போய்ச் சேர்ந்துவிடும். கன்னியம்மா புருஷன் இல்லாதவர். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டுக்கும் கல்யாணம் ஆகவில்லை. திருடி மகளை யார் கட்டிக்கொள்வார்கள்?

போகும்போது அவர் அழவில்லை. படியிறங்கி நின்று, "நான் எடுக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கூட வந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பூட்ஸைக் கழற்றினேன்

ஆக, மறுநாள் வெள்ளிக்கிழமை. டேனரிக்கு லீவு. எனக்கு மட்டும் ஞாயிறுதான் லீவு என்பதால், வெள்ளிக்கிழமைகளில் நான் தனியாக வந்து பாட்டில் கழுவுவேன். அன்று மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த வியாழக்கிழமைச் சாற்றைக் காலையில் புதுக் கிண்ணத்தில் ஊற்றி வற்றவைத்தேன். நிறுத்தபோது வந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

சனிக்கிழமை டிரம் ஓட ஆரம்பித்தவுடன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு லேப் தரையில் நின்றேன். உள்ளங்காலில் குறுகுறுவென்று ஏறியது. அந்த அம்மாள் சொன்ன அதே வார்த்தை. மாலை வரை மணிக்கு ஒரு தடவை குமிழியைப் பார்த்தேன். மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. நீராவி பட்டு ஈரமேறிய தோல், டிரம் அதிர அதிர அமுங்கிக்கொண்டிருந்தது. காலையில் மட்டமாக இருந்த தராசு மாலையில் சாய்ந்துவிடும், மாலை எடை கம்மியாக வரும். அவ்வளவுதான் விஷயம். மறுநாள் காலையில் நான் திருகிச் சரிசெய்து, சாட்சியையும் அழித்துவிடுவேன்.

நேராகக் கெமிஸ்ட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கோபப்படவே இல்லை. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தோல வெட்டி வெச்சது யாரு?"

"நான்தான் சார். ஆனா நீங்கதான் மறுபடி பார்க்க வேணாம்னு..."

"தோல வெச்சது யாருன்னு கேட்டேன். முதலாளிகிட்ட நான் சொன்னா யாருக்கு வேல போகும்? போ, போய்க் கிண்ணம் கழுவு."

போனேன். கழுவினேன். இந்த மனிதரைத்தான் மன்னிக்கச் சொல்கிறார் சத்துவாச்சாரி வாசகர்.

பிரேக் குழாய்

ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டைக்கு ரயிலேறினேன். என் அண்ணன் அங்கே ரயில் இஞ்சின்களைப் பழுதுபார்க்கும் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். கேட்டுவிட்டு அரை மணி நேரம் சிரித்தான்.

"டேய், தோலு தண்ணி குடிக்கும், அமுக்கினா அமுங்கும், அப்படியே நின்னுடும். இதுகூடத் தெரியாமயா அத்தினி தோலு நடுவுல உக்காந்துனுக்கீற?"

"சிரிச்சது போதும். என்னா செய்யலாம், அதச் சொல்லு."

"அமுங்கினா திரும்பி வர்ற சாமான் வேணும். ரப்பரு. அதும் மேல பித்தளைக் கிண்ணி, நடுவுல திருகு. திருகின இடத்துலயே நிக்கறதுக்கு ஒரு பூட்டு நட்டு."

ரப்பருக்கு முதலில் வேலூர் லாங் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். தராசுக்குக் கால் வேண்டும் என்றால் ஒருவனுக்கும் புரியவில்லை. ஒரு கடைக்காரர் சைக்கிள் ட்யூபை வெட்டிக் கொடுத்தார், கை வைத்தாலே நசுங்கியது. இன்னொருவர், கட்டிலுக்குக் கால் இருக்கிறது வேண்டுமா என்றார். கடைசியில் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தான். ரயில் பெட்டிகளை இணைக்கும் பிரேக் குழாய், வெடித்துப்போய்க் கழித்துப் போட்டது, ஷெட்டின் பின்னால் குவிந்து கிடந்தது. விரல் தடிமனுள்ள கெட்டி ரப்பர். அதில் வட்டம் வெட்டினான். பித்தளையை லேத்தில் கடைந்து மூன்று கிண்ணி செய்தான். ஒவ்வொன்றின் நடுவிலும் திருகு, அதன் மேல் பூட்டு நட்டு. செய்து முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த இரண்டு வாரமும் கன்னியம்மா ஒவ்வொரு டேனரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எங்கும் சேர்க்கவில்லை. ஒரு நாள் ஆம்பூர் கடைத்தெருவில் என்னை எதிரே பார்த்து, "இன்னா தம்பி, நல்லாக்கீறியா?" என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டுச் சந்துக்குள் நுழைந்துவிட்டேன்.

முதலாளி முன்னால்

கெமிஸ்ட் மெட்ராஸுக்குப் போயிருந்த சமயம் பார்த்துப் புதுக் கால்களை மாட்டினேன். டிரம் எல்லாமே ஓடிய நாள். முள் நடுங்கவில்லை, மாலை வரை குமிழியும் அசையவில்லை. கன்னியம்மா ஊறவைத்த பழைய சாறு மிச்சமில்லை, ஆனால் அவர் இருந்தபோது வந்த பட்டைக் குவியல் பாதி அப்படியே இருந்தது. அதிலிருந்து சாறு எடுத்து மூன்று நாள் தொடர்ந்து நிறுத்தேன். மூன்று நாளும் நல்ல பட்டை. நாலாம் நாள் வேண்டுமென்றே பழைய தோலை மறுபடி வைத்தேன். கம்மி என்றது தராசு.

நோட்டை எடுத்துக்கொண்டு பெரிய முதலாளியிடம் போனேன். அவர் லேபுக்கு வந்து குமிழியைத் தன் கண்ணாலேயே பார்த்தார். தோல் வைத்தால் சாய்கிறது, ரப்பர் வைத்தால் நிற்கிறது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

"அடப்பாவமே, ஒரு பொம்பளைய அநியாயமாத் தொரத்திட்டோமேப்பா" என்றார். "ஆள் அனுப்பு. வேலைக்கு வரச் சொல்லு."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் தோலை வெட்டியது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெமிஸ்ட் வைத்த தோல் என்றே அவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று விட்டேன்.

கெமிஸ்ட் திரும்பி வந்தார். புதுக் கால்களை உற்று உற்றுப் பார்த்தார். முதலாளியே பாராட்டிவிட்டதால் திட்ட முடியவில்லை. ஒரு வாரத்தில், லேபுக்கு வரும் விருந்தாளிகளிடம் "நான் யோசிச்சுச் செய்யச் சொன்னது" என்று காட்ட ஆரம்பித்தார். அண்ணன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. அதற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. கன்னியம்மா வந்த அன்று நடந்ததற்குத்தான்.

அவர் கேட்ட ஒன்று

கன்னியம்மா காலையில் வந்தார். வழக்கம்போலத் தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டு வாசற்படியில் நின்றார். கெமிஸ்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முதலாளி சொல்லிட்டார். போய் வேலையப் பாரு."

"வேல செய்றேங்கய்யா. அதுக்கு முன்ன ஒண்ணு. இவளுங்க எல்லார் முன்னாலயும் வெச்சுத்தானே திருடின்னு சொன்னீங்க? அதேமாரி கொட்டாய்க்கு வந்து, நான் திருடலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"வேல குடுத்தாச்சு இல்ல? அதுக்கு மேல என்ன? நான் வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

"மன்னிப்புலாம் வேணாங்க. திருடலன்னு சொன்னாப் போதும். எம் பொண்ணுங்களுக்கு நாளைக்கு இதுதான் வேணும்."

கெமிஸ்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னைக் காட்டினார். "இவன் போய்ச் சொல்லட்டும். இவனுக்குத்தான் எல்லாம் நல்லாத் தெரியும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கன்னியம்மா என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "நீ வா தம்பி. நீ சொன்னா நம்புவாளுங்க. நீதானே கண்டுபுடிச்சியாம்?"

பட்டைக் கொட்டகைக்கு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். உலக்கைச் சத்தம் நின்றது. இருபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு வந்து நின்றான். மற்ற டேனரிகளுக்குப் பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன்தான். அவன் காதில் விழுந்தால் போதும், சாயங்காலத்துக்குள் வாணியம்பாடி வரை போய்விடும்.

சொல்ல வேண்டியது இரண்டே வரி. கன்னியம்மா திருடவில்லை. தராசுக்கடியில் தோலை வெட்டி வைத்ததும், தினமும் குமிழி சாய்ந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்ததும் நான். இதை வாய் வரைக்கும் கொண்டுவந்தேன். கெமிஸ்ட் லேப் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என் கால்களில் பூட்ஸ் இருந்தது.

"வந்து... மிஷின்ல ஒரு கோளாறு இருந்துச்சு. அதனாலதான் அப்படி ஆய்ட்டுது. இப்போ சரி பண்ணிட்டோம்" என்றேன்.

"யாரு தப்புன்னு சொல்லு சாரு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"யாரு தப்பும் இல்ல. மிஷினு."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாரோ கிசுகிசுத்தார்கள். மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினான். அந்தச் சொல்லை யாரும் நம்பவில்லை. முதலாளி இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார், சின்னவன் பூசி மெழுகுகிறான் என்றுதான் நினைத்தார்கள். அது எனக்கே புரிந்தது. புரிந்தும் நின்றுகொண்டிருந்தேன்.

கன்னியம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எல்லாவற்றையும் ஊகித்துவிட்டார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

"மிஷினுக்கு வேல போச்சா தம்பி?" என்று கேட்டார்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். அந்த வாரமே இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கோலாருக்கு ரயிலேறிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் அந்த லேபில் இன்னும் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். அத்தனை வருஷமும் தராசு ஒரு நூல்கூடச் சாயவில்லை.

அன்று கொட்டகையில் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வரியை மேலே எழுதியிருக்கிறேன். கோலார்ப் பக்கம் இந்தப் பத்திரிகை வருகிறதா என்று எனக்குத் தெரியாது. வந்தால், படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது அதைச் சத்தமாகப் படியுங்கள்.